கொரிட்சியா – நோவா கொரிட்சா: எல்லை நகரைத் தனியாக நடந்து பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது கொரிட்சியா. அதை ஒட்டி, நடுவில் ஒரு தெரு அகலம்கூட இல்லாமல், ஸ்லோவேனியாவின் நோவா கொரிட்சா. வெனிஸுக்கோ பிளெட் ஏரிக்கோ போகிற நம் ஆள்களில் பலர் இந்த ஊரின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு நாள் ஒதுக்கி, கையில் தண்ணீர் பாட்டிலோடு நடந்து பாருங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைக் கேட்டுக் கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இவை.

இது ஒரு ஊரா, இரண்டு ஊரா?

1947 வரை ஒரே ஊர். 1500 தொடங்கி முதல் உலகப் போர் முடியும் வரை, இடையில் சில காலம் தவிர, ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது. இத்தாலியன், ஸ்லோவேனியன், ஃப்ரியூலியன், ஜெர்மன் என நாலு மொழிகளும் ஒரே சந்தையில் புழங்கிய இடம். வெயில் இதமாக இருக்கும் என்பதால் ஓய்வு பெற்ற ஆஸ்திரிய அதிகாரிகள் இங்கே வந்து குடியேறினார்கள். 'ஆஸ்திரியாவின் நீஸ்' என்றே அப்போது பெயர்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஊர் இத்தாலியின் கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947-ஆம் ஆண்டின் பாரிஸ் அமைதி ஒப்பந்தப்படி, இத்தாலிக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் (ஸ்லோவேனியா அப்போது அதன் ஒரு பகுதி) நடுவே புதுக் கோடு போட்டார்கள். கோட்டை, கடைத்தெரு, பழைய சதுக்கங்கள் எல்லாம் இத்தாலிக்கு. வடக்கே இருந்த ரயில் நிலையமும் கிழக்கே இருந்த கிராமங்களும் யூகோஸ்லாவியாவுக்கு. அந்த ஆண்டு செப்டம்பரில் கோடு அமலுக்கு வந்தபோது, வீடு ஒரு நாட்டிலும் அதன் தோட்டம் இன்னொரு நாட்டிலும் ஆன குடும்பங்கள் உண்டு. கிராமத்து மக்களுக்குச் சந்தையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. ஊருக்கோ, காய்கறியும் பாலும் கொண்டுவந்த கிராமங்கள் போய்விட்டன. சரி, நகரம் கிடைக்கவில்லையா, புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்வோம் என்று யூகோஸ்லாவியா 1948-இல் கட்டத் தொடங்கியதுதான் நோவா கொரிட்சா.

விசா இரண்டு நாட்டுக்கும் தனித்தனியாக வேண்டுமா?

வேண்டாம். இரண்டும் ஷெங்கன் நாடுகள், ஒரே விசா போதும். ஸ்லோவேனியா 2007 டிசம்பரில் ஷெங்கனில் சேர்ந்தது. ஆனால் 2023 அக்டோபரில் இத்தாலி இந்த எல்லையில் மறுபடி சோதனையைத் தொடங்கியது. நடந்து போகிறவர்களை நிறுத்துவது அபூர்வம். என்றாலும் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், நகல் போதாது, அசலே கையில் இருக்கட்டும்.

எப்படிப் போய்ச் சேருவது?

இத்தாலிப் பக்கம் என்றால் வெனிஸ் மெஸ்த்ரேயிலிருந்து கொரிட்சியாவுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், த்ரியெஸ்தேயிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். ஸ்லோவேனியப் பக்கம் என்றால் லுப்லியானாவிலிருந்து பஸ், அல்லது பிளெட் பக்கமிருந்து மலைகளுக்குள் நுழைந்து வரும் பழைய ரயில் பாதை. இரண்டு ஊருக்கும் தனித்தனி ஸ்டேஷன். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தால் முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறிப் போவதுதான் இந்த ஊரைப் பார்க்க நல்ல வழி. போன வழியே திரும்ப வேண்டியதில்லை.

ஒரே நாளில் முடியுமா? எந்த வழியாக நடக்கலாம்?

முடியும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், நடுவில் இரண்டு ஏற்றம். பெரும்பாலானவர்கள் நேராக எல்லைச் சதுக்கத்துக்குப் போய், ஒரு கால் இத்தாலியிலும் ஒரு கால் ஸ்லோவேனியாவிலும் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்பதுதான் இந்தப் பக்கத்தை எழுதவே காரணம். எல்லையைத் தாண்டுவதை விட எல்லையை ஒட்டியே நடப்பதில்தான் இந்த ஊர் புரியும். பாதிக் கதை ஒரு நாட்டிலும் மீதி அடுத்த நாட்டிலும் கிடக்கிறது. இரண்டையும் சேர்க்க ஒருவர் நடந்தாக வேண்டும்.

நான் சொல்லும் வழி ஒரு ராஜாவின் கதையில் தொடங்குகிறது. பிரான்சின் பூர்போன் வம்சத்து மன்னர் பத்தாம் சார்ல்ஸ், 1830 புரட்சியில் அரியணை இழந்து, நாடு நாடாக அலைந்து, 1836 அக்டோபரில் கொரிட்சியாவுக்கு வந்தார். வந்த சில வாரங்களில், நவம்பர் 6 அன்று, காலராவில் இறந்துபோனார். அவர் இறந்த கொரொனீனி மாளிகை இத்தாலிப் பக்கம், நகர மையத்திலிருந்து எட்டும் தூரத்தில், பெரிய தோட்டத்தோடு இருக்கிறது. காலையில் அங்கே தொடங்குங்கள்.

அங்கிருந்து பியாட்சா டெல்லா விட்டோரியா. வெங்காய வடிவக் குவிமாடங்கள் இரண்டோடு நிற்கும் புனித இக்னேஷியஸ் தேவாலயத்தைப் பார்த்ததுமே இது வெனிஸ் பக்கத்து ஊர் இல்லை, வியன்னா பக்கத்து ஊர் என்று தெரிந்துவிடும். அப்புறம் ராஸ்டெல்லோ தெரு வழியாகக் கோட்டைக்கு ஏறுங்கள். இந்தத் தெருவில்தான் ஒரு காலத்தில் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள் ஜீன்ஸும் காபியும் வாங்கக் கூட்டமாக மொய்த்தார்கள். இப்போது பல கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிய கடைகளின் மேலே பழைய பெயர்ப் பலகைகளை நின்று பாருங்கள்.

கோட்டை முதல் உலகப் போரில் குண்டடிபட்டுச் சிதைந்தது. இப்போது நிற்பது 1930-களில் இடைக்காலக் கோட்டை மாதிரி திருத்திக் கட்டியது. வாசலுக்கு மேலே வெனிஸின் இறக்கை வைத்த சிங்கம் இருக்கும். வெனிஸ் இந்த ஊரை ஆண்டது 1508–09 வாக்கில், ஒரு வருஷம் அளவுக்குத்தான். சிங்கத்தை அங்கே பதித்தது 20-ஆம் நூற்றாண்டில் வந்த இத்தாலிய ஆட்சி. ஊர் யாருடையது என்று கல்லில் எழுதிவைக்கிற வேலை இங்கே ரொம்ப நாளாக நடந்திருக்கிறது. மதில் மேல் நின்று கிழக்கே பாருங்கள். கீழே தெரியும் கூரைகளில் எது எந்த நாடு என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது.

கோட்டையின் கிழக்குச் சரிவில் இறங்கினால் ரஃபூத் பகுதி. இங்கேதான் எல்லையைத் தாண்டுவீர்கள். பழைய சோதனைச் சாவடி ஒன்றைத் தவிர, தாண்டியதற்கு அடையாளமே இருக்காது. அந்தப் பக்கம் மரங்களுக்கு நடுவே கெய்ரோவிலிருந்து பெயர்த்து வந்தது போன்ற ஒரு பங்களா தெரியும். அந்தோன் லாஷ்சாக் என்ற கட்டடக் கலைஞர் தனக்காகக் கட்டிக்கொண்டது. இந்த ஊரில் பிறந்து, எகிப்து மன்னர் குடும்பத்துக்கு அரண்மனைகள் கட்டியவர் அவர். வீட்டின் கோபுரம் மசூதி மினார் போலவே இருக்கும்.

அங்கிருந்து கோஸ்தானியெவிட்சா குன்றின் மேல் பிரான்சிஸ்கன் மடம் வரை ஏற்றம். மடத்துக்கு அடியில், குறுகலான ஒரு நிலவறையில், பத்தாம் சார்ல்ஸின் கல் சவப்பெட்டி இருக்கிறது. பக்கத்திலேயே அவருடைய மகன், பேரன், அப்புறம் கில்லட்டினில் தலை இழந்த பதினாறாம் லூயிக்கும் மரீ அந்த்வானெத்துக்கும் பிறந்த மகள் மரீ தெரேஸ். வெள்ளைச் சுவர், தலையை உரசுகிற வளைவு, அவ்வளவுதான். வெர்சாய் அரண்மனையின் ஆடம்பரத்தைப் படத்திலாவது பார்த்தவர்களுக்கு அந்த அறையின் சிறுமை நெஞ்சைப் பிசையும். முதல் உலகப் போரின்போது சவப்பெட்டிகளை வியன்னாவுக்குக் கொண்டுபோய், 1932-இல் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 1947-இல் கோடு போட்டபோது, ராஜா இறந்த வீடு இத்தாலிக்கும் புதைத்த இடம் யூகோஸ்லாவியாவுக்கும் போய்விட்டது. நீங்கள் காலையிலிருந்து நடந்து வந்தது அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்.

குன்றிலிருந்து இறங்கினால் எல்லைச் சதுக்கம், அதன் பிறகு நோவா கொரிட்சாவின் மையம். ஏற முடியாதவர்கள் கோட்டையைத் தவிர்த்து, கோட்டைக் குன்றுக்கு அடியில் குடைந்த பொம்பி சுரங்கப் பாதையில் நடந்து கிழக்குப் பக்கம் வந்துவிடலாம். மழை நாளுக்கும் அது உதவும்.

அந்த எல்லைச் சதுக்கத்தில் என்ன இருக்கிறது?

இத்தாலியில் பியாட்சா ட்ரான்சல்பீனா, ஸ்லோவேனியாவில் திர்க் எவ்ரோபே. பின்னணியில் நிற்கும் அழகான ஸ்டேஷன் 1906-இல் திறந்தது. திறந்துவைத்தவர் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினான்ட். எட்டு வருஷம் கழித்து சரயேவோவில் சுடப்பட்டு, முதல் உலகப் போருக்குக் காரணமானாரே, அவரேதான். அந்தப் போரில் இந்த ஊரை ஒட்டி ஓடும் இசோன்சோ ஆற்றங்கரையில் மட்டும் பன்னிரண்டு சண்டைகள் நடந்தன.

சதுக்கத்தை 2004 வரை ஒரு வேலி குறுக்கே அறுத்தது. ஸ்டேஷன் உச்சியில் இத்தாலியைப் பார்த்து ஒரு சிவப்பு நட்சத்திரம் இருந்தது. 2004-இல் ஸ்லோவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது வேலியை எடுத்தார்கள். வேலி நின்ற இடத்தில் தரையோடு தரையாக வட்டமான ஒரு மொசைக். அதன் நடுவே எல்லைக் கோடு ஓடும். அதன் மேல் சைக்கிள் ஓட்டிப் போகிற பிள்ளைகளுக்கு அது வெறும் தரை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மறுபடி வேலி முளைத்தது. இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து காதலர்களும் பாட்டி தாத்தாக்களும் பேசிக்கொண்டார்கள். ஜூனில் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரே வாரத்தில் ஒரு எல்லை திரும்பி வந்துவிட முடியும் என்பதை ஊர் பார்த்துவிட்டது.

ஸ்டேஷன் கட்டடத்துக்குள் எல்லையின் வரலாறு பற்றிய சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள். 2025-இல் இரண்டு ஊர்களும் சேர்ந்து ஐரோப்பிய கலாசாரத் தலைநகராக இருந்தன. எல்லை தாண்டி இரண்டு ஊர் சேர்ந்து ஒரே தலைநகராக அந்தப் பட்டத்தை ஏற்றது அதுவே முதல் முறை.

எல்லை இருந்த காலத்தில் மக்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

முதல் சில வருஷம் மிகவும் கஷ்டம். சொந்தக்காரர்களைப் பார்க்கவே முடியாது. 1950 ஆகஸ்ட் 13, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோஷ்னா டோலினா எல்லைச் சாவடிக்கு இரண்டு பக்கமும் மக்கள் திரண்டு எட்டி நின்று பேச முயன்றார்கள். திடீரென்று யூகோஸ்லாவியப் பக்கத்துக் கூட்டம் காவலர்களைத் தள்ளிக்கொண்டு ஆயிரக்கணக்கில் கொரிட்சியாவுக்குள் புகுந்துவிட்டது. உறவினர்களைக் கட்டிப்பிடித்தார்கள், கடைகளில் வாங்கக் கிடைத்ததை வாங்கினார்கள். அன்றைக்கு அதிகமாக வாங்கிய சாமான்களில் ஒன்று துடைப்பம். அந்தப் பக்கம் அதற்குக்கூட அவ்வளவு தட்டுப்பாடு. சாயங்காலம் துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். இன்றும் அந்த நாளுக்குத் துடைப்ப ஞாயிறு என்றுதான் பெயர். திரும்பிப் போனார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்கள் கேட்டது வேறு நாடு இல்லை, அவர்களுடைய கடைத்தெரு.

1955-இல் கையெழுத்தான ஊதினே ஒப்பந்தத்துக்குப் பிறகு எல்லையோர மக்களுக்குத் தனி பாஸ் கிடைத்தது, மாதத்தில் சில முறை போய்வரலாம். அதோடு கடத்தலும் வளர்ந்தது. இத்தாலியிலிருந்து காபி, ஜீன்ஸ், சலவைத் தூள். யூகோஸ்லாவியாவிலிருந்து இறைச்சி, சாராயம், சிகரெட். ரஃபூத் அருகே பிரிஸ்தாவா சாவடியில் இதற்கென்றே ஒரு கண்காட்சி வைத்திருக்கிறார்கள். நம் வழியிலேயே வருகிறது.

தெற்கே சில கிலோமீட்டர் தள்ளியுள்ள மிரென் கிராமத்தில் எல்லை கல்லறைத் தோட்டத்தின் நடுவே போனது. 1975 வரை அப்படித்தான். அங்கே நடந்து போக நேரம் இருக்காது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். யூதர்களுக்கும் இதே கதி. 1756-இல் கட்டிய அவர்களின் தொழுகைக்கூடம் கொரிட்சியாவில் இருக்கிறது, கல்லறை ரோஷ்னா டோலினாவில், இன்றைய ஸ்லோவேனியாவில். 1943-இல் நாஜிகள் இங்கிருந்த யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அந்தக் கூடத்தை நிரப்ப ஆள் இல்லை.

நோவா கொரிட்சாவில் கான்கிரீட்டைத் தவிர ஒன்றும் இல்லை என்கிறார்களே?

அவசரமாகப் பார்த்தவர்கள் சொல்வது. எத்வார்த் ராவ்னிகார் என்ற கட்டடக் கலைஞர் போட்ட வரைபடம் இது. பாரிசில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அகலமான மரநிழல் சாலை, பச்சைக்கு நடுவே தள்ளித் தள்ளி நிற்கும் அடுக்குமாடிகள். இளைஞர் படைகள் வந்து மண் வெட்டிப் போட்ட ஊர். வரைபடத்தில் இருந்தது முழுதாக நிறைவேறவில்லை, பின்னால் கட்டியவை சில கண்ணை உறுத்தும். ஆனால் சாயங்காலம் பெவ்கோவ் சதுக்கத்துப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்காருங்கள். கொரிட்சியாவின் பழைய தெருக்களை விட இங்கே இளவட்டங்கள் அதிகம். சூதாட்ட விடுதிகளைத் தேடி இத்தாலியிலிருந்து வரும் கூட்டமும் உண்டு. எனக்கு அதில் ஆர்வம் இல்லை, அதனால் சொல்ல ஒன்றும் இல்லை.

வேறு எதற்காவது நேரம் ஒதுக்கலாமா?

பசாலியா பூங்கா. கொரிட்சியாவின் தெற்கு ஓரத்தில், பழைய மனநல மருத்துவமனை வளாகம். அதன் சுற்றுச்சுவரே பல இடங்களில் நாட்டு எல்லை. 1961-இல் இங்கே இயக்குநராக வந்தவர் ஃபிராங்கோ பசாலியா. நோயாளிகளைக் கட்டிப்போடுவதை நிறுத்தினார், வார்டுக் கதவுகளைத் திறந்துவிட்டார், நோயாளிகளும் டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டங்களை நடத்தினார். இங்கே தொடங்கியது 1978-இல் இத்தாலி முழுக்க மனநலக் காப்பகங்களை மூடச் சொல்லும் சட்டமாகப் போய் முடிந்தது. இரண்டு அரசுகள் கம்பி வேலியோடு முறைத்துக்கொண்டிருந்த இடத்தில், அந்த வேலியை ஒட்டியே, உள்ளே பூட்டி வைத்த மனிதர்களுக்காக ஒருவர் கதவைத் திறந்திருக்கிறார். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பார்க்கப் பெரிதாக எதுவும் இல்லை: மரங்கள், மஞ்சள் பூச்சு உதிரும் கட்டடங்கள், இன்னமும் இயங்கும் சில மருத்துவ அலுவலகங்கள். மேலே சொன்ன வழியோடு இதையும் சேர்த்தால் நடை நீண்டுவிடும், காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

பட்டினி கிடக்க வேண்டாம். ஃப்ரீகோ என்று ஒன்று உண்டு: மொன்தாசியோ சீஸும் உருளைக்கிழங்கும் சேர்த்து, அடை மாதிரி இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று சுடுவது. ஒன்று சாப்பிட்டாலே வயிறு நிறையும். பிளம்ஸ் பழத்தை உள்ளே வைத்த உருளைக்கிழங்கு உருண்டையும் இந்தப் பக்கத்து விசேஷம். ஸ்லோவேனியப் பக்கம் பேக்கரிகளில் சீஸ் வைத்த புரேக் என்ற மெல்லிய மாவு அடுக்குப் பலகாரம் கிடைக்கும். குளிர்காலத்தில் போனால் ரோஜாப்பூ போலவே விரியும் 'கொரிட்சியா ரோஜா' என்ற சிவப்புக் கீரையைச் சாலட்டில் கேளுங்கள், லேசாகக் கசக்கும். யோத்தா என்ற பீன்ஸ் சூப்பைச் சைவம் என்று நம்பி வாங்காதீர்கள், பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டிருப்பார்கள். காபி இரண்டு பக்கமும் நன்றாக இருக்கும்.

தனியாகப் போகலாமா? பெண்கள்?

தாராளமாக. அமைதியான சின்ன ஊர்கள். பெண்கள் தனியாக நடப்பதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: இரவு எட்டு மணிக்கு மேல் சில தெருக்கள் வெறிச்சோடிவிடும், ரஃபூத் பக்கத்து மரப்பாதையையும் மடத்துக் குன்றையும் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இளையவர்களிடம் ஆங்கிலம் செல்லும். இந்தப் பக்கம் 'புவோன்ஜோர்னோ', அந்தப் பக்கம் 'தோபெர் தான்' என்று ஒரு வணக்கம் சொன்னால் முகம் மலர்ந்து பதில் வரும்.

எந்த நாள், எந்த மாதம்?

ஏப்ரல் முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். குளிர்காலத்தில் போரா என்ற வடகிழக்குக் காற்று வீசினால் குன்றின் மேல் நிற்கவே முடியாது. திங்கள்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அருங்காட்சியகங்கள் பல அன்று பூட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஸ்லோவேனியாவில் சட்டப்படியே பெரிய கடைகள் திறக்காது. இத்தாலிப் பக்கம் மதியம் பன்னிரண்டரைக்கு மேல் மூன்று மணி நேரம் பல கடைகளுக்குக் கதவு அடைப்பு.

பணம், போன்?

இரண்டு பக்கமும் யூரோ. ஐரோப்பிய சிம் என்றால் எல்லை தாண்டினாலும் கூடுதல் கட்டணம் இல்லை. போன் மட்டும் நாள் முழுக்க 'ஸ்லோவேனியாவுக்கு வரவேற்கிறோம்', 'இத்தாலிக்கு வரவேற்கிறோம்' என்று மாறி மாறிச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்.

மறுநாளும் இருந்தால்?

நோவா கொரிட்சாவுக்கு வடக்கே சொல்கான் வரை நடந்து போங்கள். மரகதப் பச்சையில் ஓடும் சோச்சா ஆற்றின் மேல் (இத்தாலிக்குள் போனதும் இதுவே இசோன்சோ) ஒரே தாவாக நிற்கும் ரயில் பாலத்தின் வளைவு 85 மீட்டர் அகலம். கல்லால் கட்டிய ரயில் பால வளைவுகளில் உலகத்திலேயே பெரியது. 1916-இல் பின்வாங்கிய ஆஸ்திரியப் படை இதைத் தகர்த்தது, 1920-களில் இத்தாலியர்கள் ஏறக்குறைய பழைய வடிவில் திரும்பக் கட்டினார்கள். கீழே நின்று பார்த்துவிட்டு, அன்றைக்கே பிளெட் பக்கம் போகிற ரயிலில் ஏறினால் அந்தப் பாலத்தின் மேலேயே போகலாம். ரயில்கள் குறைவு, நேரத்தை முதல் நாளே ஸ்டேஷனில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.